சித்தி மகள் சாவி போட்டால்

நம் வயதுக்காரர்கள் எதைப் பற்றியும் பேசுவோம். முட்டி வலி, சர்க்கரை, மருமகள், தூக்கம் வராதது, எல்லாம் பேசுவோம். காலையில் பார்க்கில் நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது, 'இன்னாரைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வயசானால் பொறாமை போய்விடும் என்று எல்லாரும் சேர்ந்து நடிக்கிறோம். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு என் சித்தி மகளைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. அதற்குக் காரணம் ஒரு பழைய கார்.

பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்த சந்தில் கார் வைத்திருந்தது என் அப்பா ஒருவர்தான். வைத்திருந்தார் என்றால் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனையோ கை மாறி வந்த சாம்பல் நிற வண்டி அது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் நாங்கள் சாப்பிட்டோம். காலையில் கான்வென்ட் டீச்சர்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அதற்கப்புறம் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பார். டீச்சர்கள் சவாரிதான் நிச்சயமான சவாரி. மற்றது எல்லாம் வந்தால் உண்டு.

அந்த வண்டிக்குள் ஏறினால் பெட்ரோலும் ரெக்ஸினும் ஈரச் சாக்கும் ஊதுவத்தியும் கலந்து ஒரு வாசனை வரும். முன் சீட்டில் ஓர் இடத்தில் ரெக்ஸின் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். நான் அதை விரலால் பிய்த்துப் பிய்த்துப் பெரிசாக்கியிருந்தேன். சாவியில் உடைந்த சிவப்பு வளையல் துண்டு ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார் அப்பா. வண்டியை முன்னாலிருந்து சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்பு ஹேண்டில் ஒன்று முதலில் இருந்ததாம். அதை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அதனால் எங்களுக்கு செல்ஃபை விட்டால் கதி இல்லை. செல்ஃப் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். இந்த ஊரில் இன்றைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்பா அதிகம் பேசாதவர். வீட்டுக்குள் வந்தால் சாப்பாடு, தூக்கம், ரேடியோ. எனக்கு என்று அவரிடம் இருந்தது காலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான். அவர் எழுவதற்கு முன்பே எழுந்து, தலை வாரி, மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போய் நிற்பேன். கண்ணாடியைத் துடைப்பேன். அவர் ஏறி உட்கார்ந்ததும், "சோக்க இழு" என்பார். கை நீட்டி, குளிரில் வண்டி பிடிப்பதற்கென்று இருந்த சோக் குமிழை இழுப்பேன். சாவியைத் திருப்புவார். கிர்ர்ர் என்று ஓர் இழுப்பு, ஒரு தும்மல், பிறகு வண்டி மொத்தமும் தடதடவென்று ஆடும். "ம்" என்பார். அந்த 'ம்' எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பத்து வயசுப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெங்களூர் மழை நமக்குத் தெரியாததா? கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். காலையில் அப்பா சாவி போட்டால் செல்ஃப் சுற்றும், ஆனால் என்ஜின் பிடிக்காது. மறுபடியும் போடுவார். ஆக்ஸிலேட்டரை மிதி மிதி என்று மிதிப்பார். மறுபடியும் சாவி. கொஞ்ச நேரத்தில் செல்ஃப் சத்தம் இழுவையாகி, ர்ர்… ர்ர்… என்று முனகி, டக்கென்று நின்றுவிடும். அதற்குமேல் சந்து ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். முதல் வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அப்புறம் அப்பா வண்டியில் உட்காருவதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவினார். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, அம்மாவின் அடுப்பில் வாட்டி, சுடச்சுடக் கொண்டுபோய் மாட்டினார். அன்றைக்கு வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாள் பழைய கதைதான். செல்ஃபின் மேல் ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். ஒயர் ஒன்றை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் நான்தான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். எது எந்த ஸ்பேனர் என்று எனக்குத் தெரியும். வண்டி கெட்டது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது.

அல்சூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். வந்து உட்கார்ந்து சாவி போட்டால் வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். இது இரண்டு மூன்று முறை நடந்தது. கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணா, பேட்டரி ஓகே. பிளக்கு ஓகே. பாயிண்ட்டுகூட சாஃப் பண்ணிட்டேன். சும்னே சும்னே கூப்பிட்டு பேஜார் பண்றீங்க."

"காலைல பிடிக்க மாட்டேங்குது பாய்."

"என் கையில பிடிக்குதில்ல? வண்டில ஒண்ணும் இல்ல. உங்க கையிலதான் ஏதோ இருக்கு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் அப்படிப்பட்ட பேச்சு ஒன்று விழுந்தால் போதும்.

சித்தி மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். சித்தி தங்கவயலில் இருந்தாள். சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. சித்திக்கு அது இரண்டாவது பேறு, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குழந்தை பிறக்கிற வரைக்கும் பெரியவள் எங்களிடம் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஒரு வகுப்பு கீழே உட்கார வைத்தார்கள். ஒல்லியான பெண். பச்சை ஸ்வெட்டர் ஒன்றை எப்போதும் கழற்றவே மாட்டாள். வாய் திறந்து பேச மாட்டாள். ஒரு தோசை தின்ன அவள் எடுக்கிற நேரத்தில் நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆரம்பத்தில் எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. பாவம் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் காலை. தூறல். அப்பா வழக்கம்போல் போட்டுப் போட்டுப் பார்த்து, ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்திவிட்டு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர்கள் போன வாரமே எச்சரித்திருந்தார்கள். இன்னொரு தடவை லேட் ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"பஸ்ல போவச் சொல்லிட்டு வர்றேன்," என்றார் அப்பா. "அவ்ளோதான், இந்தச் சவாரி போச்சு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்தப் புள்ள கையால ஒருக்கா சாவி போடச் சொல்லேன்."

"யாரு?"

"அட, என் தங்கச்சி மவதான். அவ பொறந்த மாசம்தான் அவங்கப்பனுக்கு வேலை பர்மனென்ட் ஆச்சு. கைராசிக்காரி. மெக்கானிக்கு இன்னா சொன்னான்? உன் கையிலதான் ஏதோ இருக்குன்னான்ல?"

அப்பா இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் சவாரி போகிற நிலைமை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம், "போ, கை கால் கழுவிட்டு, பொட்டு வெச்சிட்டு வா," என்றார். வண்டியைத் தொழில் என்று கும்பிடுகிறவர்கள் வீட்டில் அது ஒரு வழக்கம். தூங்கி எழுந்த கையோடு வண்டியைத் தொடக் கூடாது. நான்தான் விடியும் முன்பே அதையெல்லாம் முடித்துவிட்டு நிற்பேனே.

அவள் பின்கட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் துடைத்தாள். அப்புறம் அம்மா பொட்டு வைத்துவிட்டாள். அப்பா சந்து முனைவரை போய் வந்துவிட்டார். கடைசியில் அசைந்து அசைந்து வந்து, சீட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

கிர்ர்ர். ஒரு தும்மல். வண்டி தடதடவென்று ஆடியது.

அப்பா சிரித்தார். வாய் விட்டு, பல் தெரிய. அவருக்கு ஓரத்தில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்கார்டு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல். அடுத்த நாளும் அப்பா முதலில் தானே போட்டுப் பார்த்தார். வீம்பு விடுமா? மிதித்தார், திருப்பினார், மிதித்தார், திருப்பினார். பிடிக்கவில்லை. குரல் கொடுத்தார். அவள் போய்க் கழுவிவிட்டு வந்தாள். வண்டி பிடித்தது. அதற்கடுத்த நாளும் அதே. எப்போதாவது அவள் கைக்கும் மசியாது. அன்றைக்கு, "புள்ளைக்கு உடம்பு சரியில்ல போல," என்று அம்மா சொல்லிவிடுவாள். ராசி தப்பாது பாருங்கள்.

இந்த வேலைக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து மெயின் ரோடு பேக்கரி வரைக்கும் போவாள். அங்கே அப்பா அவளுக்கு ஒரு துண்டு தில்பசந்த் வாங்கிக் கொடுத்து இறக்கிவிடுவார். அவள் அதைக் கடித்துக்கொண்டு நடந்து வருவாள். பாதியை எனக்குக் கொடுப்பாள், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கித் தின்பேன். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் நெய்யுமாக வாயில் கரையும். தின்றுகொண்டே எரிவேன். என் அப்பா வாங்கியது எனக்கு அவள் கை வழியாக வர வேண்டுமா?

சந்தில் செய்தி பரவியது. மூலையில் டீக்கடை போட்டவர் முதல் டீயை அவள் கையால் ஊற்றச் சொன்னார். தையல் மெஷின் வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா அவளை மெஷினைத் தொடச் சொன்னாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள், தொடுவாள், வருவாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது. 'திமிரைப் பாரு' என்று நினைப்பேன்.

ஒருநாள் நானே அப்பாவிடம் கேட்டேன். "இன்னிக்கு நான் போடட்டா?"

அவர் அப்போதுதான் போட்டுப் போட்டு அலுத்துக் கீழே இறங்கியிருந்தார். என்னைப் பார்த்தார். "சரி, போடு."

சொல்லி வாய் மூடவில்லை, நான் சீட்டில் இருந்தேன். இதற்காக எத்தனை காலை காத்திருந்தேன். அவர் செய்வதை எல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். சீட்டு நுனிக்கு நகர்ந்து, காலை எட்டி, ஆக்ஸிலேட்டரை அவர் மாதிரியே மிதித்தேன். அவரைவிட நன்றாகவே மிதித்தேன். சோக்கை முழுசாக இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும் மிதித்தேன், திருப்பினேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. செல்ஃப் முனகி முனகி அடங்கிப்போனது.

"இறங்கு, இறங்கு," என்றார் அப்பா. "நீ கை வெச்சா இன்னும் மோசமா ஆவுது."

அம்மா வாசலில் இருந்து, "அவளுக்கு அந்த ராசி இல்ல, விடு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் உப்பு இல்லை என்பதைப்போல் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், டீக்கடைக்காரர் கேட்டார். அந்தப் பேச்சு என்னோடு ஒட்டிக்கொண்டது. பிற்பாடு எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும், யார் புதுக் கடை திறந்தாலும், விளக்கேற்ற என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அவர்களுக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியவளைக் கூட்டிப் போக சித்தப்பா வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவள் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். அப்பாதான் கெடுத்தார்.

"மழை விடட்டும்யா. பச்சக் கொழந்தையோட உன் சம்சாரம் இவளையும் எப்படிப் பாக்கும்? ஆயுத பூஜை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடுறேன்."

சித்தப்பா சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவும், "புள்ளைக்கு இங்க நல்லாப் பழகிடுச்சு, வாயே தொறக்காம சமத்தா இருக்கா," என்றாள். நான் பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் எறிந்தேன். அவள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ராணி, போகச் சொன்னாலும் போக மாட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு இந்த ஊரில் வண்டிகள் இருக்கிற இருப்பு தெரியுமே. எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பானெட் முழுக்கச் செவந்தி, கண்ணாடியில் குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டிச் சந்து நடுவில் உடைத்தார் அப்பா. டிரைவர் சீட்டில் பட்டுப் பாவாடையோடு அவளை உட்கார வைத்தார்கள். பாவாடை என்னுடையது. பொரியும் கடலையும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். பிடிக்கக் கூடாது சாமி, இன்றைக்கு ஒருநாள் பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சந்தே கை தட்டியது.

மறுநாள் அப்பா அவளை ரயில் ஏற்றிக் கூட்டிப்போய்த் தங்கவயலில் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு ரேடியோகூடப் போடவில்லை.

அதற்கு மறுநாள் காலை. நான் தலை வாரி, கை கால் கழுவி, பொட்டு வைத்து, மஞ்சள் துணியோடு நின்றேன். அப்பா ஏறினார். மிதித்தார், திருப்பினார். பிடிக்கவில்லை. வழக்கமாகக் குரல் கொடுக்கிற நேரம் வந்தது. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கீழே இறங்கி முன் பம்பரில் உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"சரி, வேற யாரு இருக்கா. நீதான் இருக்க. வந்து போடு."

ஏறினேன். அவள் எப்படி உட்காருவாளோ அப்படியே உட்கார்ந்தேன். காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துச் சம்மணம் போட்டேன். இரண்டு கையாலும் சாவியைப் பிடித்தேன். திருப்பினேன்.

ஒரே இழுப்பு. தும்மல். வண்டி தடதடவென்று ஆடியது. கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்தேன். அவர் எழுந்து வந்து பானெட்டின் மேல் கை வைத்தார். தடவிக் கொடுத்தார்.

"பாத்தியா," என்றார். "அந்தப் புள்ள ராசிய வண்டியிலயே விட்டுட்டுப் போயிருக்கு."

நான் இறங்கி வீட்டுக்குள் போனேன். அம்மா தோசை போட்டு வைத்திருந்தாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்த வண்டியை விற்றுவிட்டு அப்பா ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகி லிங்கராஜபுரம் வந்தேன். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். என் நாற்பதாவது வயசு வாக்கில், யார் சொல்லியும் கேட்காமல், நானே ஒரு பழைய கார் வாங்கினேன். ஏன் பழைய கார் என்று வீட்டுக்காரர் கேட்டார். புதுசுக்கு எங்கே போவது என்றேன். அது மட்டும் காரணம் இல்லை.

ஒரு மழைக்காலக் காலையில் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சோக்கை இழுத்து, மிதி மிதி என்று மிதித்துத் திருப்பினேன். மறுபடியும் மிதித்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு, எதிரில் இருந்த கடைக்குப் போய் ஒரு காபி குடித்தேன். கடைக்காரரோடு கொஞ்ச நேரம் கதை பேசினேன். திரும்பி வந்து, மிதிக்காமல் சும்மா சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. வண்டியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நீங்களும் பழைய வண்டி ஓட்டியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளிரில் மிதிக்க மிதிக்க பெட்ரோல் அதிகமாக ஏறிப் பிளக்கெல்லாம் நனைந்துவிடும். நனைந்த பிளக்கில் பொறி வராது. ஓவர்ஃப்ளோ என்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா விட்டாலே போதும். பெட்ரோல் காயும், அடங்கிப்போன பேட்டரியும் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அப்புறம் மிதிக்காமல் திருப்பினால் யார் கைக்கும் பிடிக்கும். மெக்கானிக் வருவதற்குள் காய்ந்துவிடும். சித்தி மகள் அசைந்து அசைந்து காலைக் கழுவிவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். அப்பா இரண்டு பீடி குடித்தாலும் காய்ந்துவிடும். காயாதது நான் சாவி போட்ட அந்த ஒருநாள்தான். நான்தான் கூப்பிட்ட உடனே ஓடிப்போய் ஏறிக்கொண்டேனே. போதாததற்கு, அப்பா செய்வது எல்லாம் சரி என்று நம்பி அவரைப்போலவே மிதித்தும் வைத்தேன்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொல்லலாம் என்றால் அப்பா இல்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கல்யாணம், சாவு என்று எத்தனையோ முறை பார்த்தோம், சொல்ல நேரம் வாய்க்கவில்லை. சென்ற மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். சாவி போடக்கூட வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். அதற்கும் அவன் யாரைக் கூப்பிட்டான் தெரியுமா?

"சித்தியதான்மா வரச் சொல்லியிருக்கேன். ராசியான கையில்ல?"

பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள் தங்கவயலிலிருந்து ரயில் ஏறி வந்து, முழங்கால் வலியோடு சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு விரலால் பொத்தானை அமுக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் அந்த வண்டியிலேயே ஒரு சுற்றுப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பிளக், பெட்ரோல், பேட்டரி, ஒன்று விடவில்லை. அவ்வளவு ருசியாக நான் எதையும் சொன்னதில்லை.

"உன் கையில ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லடி," என்று முடித்தேன். "நீ சோம்பேறி. நீ வர்றதுக்குள்ள பெட்ரோல் காஞ்சிடும். அவ்ளோதான் விஷயம்."

அவள் காபியை ஊதினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபம் இல்லை.

"சோம்பேறி இல்லக்கா," என்றாள். "வேணும்னுதான் மெதுவா வருவேன்."

"வேணும்னா? ஏன்?"

"நான் வர்றதுக்குள்ள பெரியப்பாவே ஸ்டார்ட் பண்ணிட்டாருன்னா, இனிமே என் கை வேணாம்னு ஊருக்கு அனுப்பிடுவாருன்னு ஒரு ஆசை. ஒரு கால கழுவுவேன், இன்னொரு கால கழுவுவேன், திரும்ப மொதல்லருந்து கழுவுவேன். காது வாசல்லயே இருக்கும். செல்ஃப் சத்தம் வருதான்னு கேட்டுட்டே இருப்பேன். வராது. நான் வர்ற வரைக்கும் அவரு தொடக்கூட மாட்டாரு. வேற வழியில்லாம வருவேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் போய்ச் சேர்றப்ப தம்பி மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டான். அம்மாவப் பாத்தா சிரிப்பான். பக்கத்து வீட்டு ஆயாவப் பாத்தாகூட சிரிப்பான். நான் தூக்குனா மட்டும் உதட்டப் பிதுக்குவான். 'உங்க அக்காடா, உங்க அக்காடா'ன்னு அம்மா சொல்லிட்டே இருக்கும். எனக்கு அது இன்னும் ஆறலக்கா."

"வாயத் தொறந்து அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேன். அந்த பேக்கரிகிட்ட, கார்ல வெச்சே சொன்னேன். 'பெரியப்பா, நான் அம்மாகிட்ட போறேன்'னு. பாவம், அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. 'இன்னும் கொஞ்ச நாள் இரு கண்ணு, நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்'னாரு. அதுக்கப்புறம் எனக்குக் கேக்க வாய் வரல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். தம்பியைப் பற்றி நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கண்ணுன்னா கூப்பிட்டாரு?"

"ஆமா. எப்பவும் அப்படித்தானே கூப்புடுவாரு," என்றாள் அவள். "உன்னையும் அப்படித்தானே கூப்புடுவாரு?"

என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஆமா, என்னையும்தான்," என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.